துக்கம் முடிந்த பின் வந்தவள்

நான் மழைக் குலத்தாள். காளான் குலத்துக்காரர்களைக் கேலி செய்வது எனக்குப் பிறப்பிலேயே வந்த உரிமை. அவர்கள் வீட்டில் கோழி அடித்தால் கேட்காமல் ஒரு காலை எடுத்துக்கொள்வேன். அவர்களுடைய பெரியவரை நடுத்தெருவில் நிறுத்தி, “நாங்க பெய்யாட்டி நீ முளைச்சே இருக்க மாட்டே, தொப்பித் தலையா” என்பேன். அவர் கோபப்படக் கூடாது, பட்டால் அபராதம். இந்தச் சலுகைக்குப் பதிலாக எங்களுக்கு ஒரு வேலை உண்டு. காளான் குலத்தில் யாராவது செத்தால் அவர்கள் உடலைத் தொட மாட்டார்கள். நாங்கள்தான் குளிப்பாட்ட வேண்டும், குழி வெட்ட வேண்டும், பாயில் உட்கார்ந்து அழுகிறவர்களைக் கையைப் பிடித்துத் தூக்கிவிட வேண்டும். தூக்கும்போது ஒரு கேலியும் சொல்ல வேண்டும். அதற்கு யாராவது ஒருத்தர் சிரித்தால் துக்கம் முடிந்தது.

அதனால் கசுபாவின் கதையைச் சொல்ல என்னைவிட வேறு ஆள் கிடையாது. காளான் குலத்துக் கசுபாவை நான் இரண்டு தடவை புதைத்தேன். முதல் தடவை குழியில் அவள் இல்லை.

கசுபாவும் நானும் ஒரே வருஷத்தில் பிறந்தவர்கள். லுவாப்புலா ஆற்றின் இக்கரையில் சிப்பொண்டோ எங்கள் ஊர். எதிர்க்கரை காங்கோ. வெள்ளைக்காரர்கள் நடு ஆற்றில் கோடு போட்டார்கள் என்பார்கள். அந்தக் கோட்டை நான் பார்த்ததில்லை. இரண்டு கரையிலும் அதே மழை, அதே காளான், அதே சிறுத்தை, அதே ஆடு என்று எங்கள் குலங்கள்தான். கசுபா வாயைத் திறந்து சத்தமாகச் சிரிப்பாள். மீன் தட்டுக்கு வந்தால் முதலில் தலையை எடுப்பாள். பெண்கள் சீழ்க்கை அடிக்கக் கூடாது என்று அவள் தாய் சோலா எத்தனையோ முறை திட்டியும் கேட்கவில்லை. தன் ஒரே மகன் பூலேயை இரண்டு சின்னச் சீழ்க்கையால்தான் கூப்பிடுவாள். அவனும் எங்கே விளையாடிக்கொண்டிருந்தாலும் அதைக் கேட்டால் ஓடி வருவான். அவள் புருஷன் செம்புச் சுரங்கத்துக்குப் போய் அங்கே வேறு குடும்பம் கட்டிக்கொண்டான். அவனை விடுங்கள்.

வெள்ளைக்காரன் ஆட்சியின் கடைசி வருஷங்கள் அவை. அக்கரையில் ஒரு திருமணத்துக்குப் போய்விட்டு நானும் கசுபாவும் தோணியில் திரும்பிக்கொண்டிருந்தோம். பட்டப்பகல். நீர்யானை அடியிலிருந்து எழுந்தது. தோணி முறம் கவிழ்வதுபோலக் கவிழ்ந்தது. எனக்கு ஒரு கோரைப்புதர் கையில் கிடைத்தது. இன்னொரு கையால் கசுபாவின் இடது மணிக்கட்டை நகம் பதியப் பிடித்தேன். தண்ணீர் இழுத்தது. கோரை வேரோடு கழன்று வருவதை விரல்களில் உணர்ந்தேன்.

கை வழுக்கிவிட்டது என்று ஊரில் சொன்னேன். வழுக்கவில்லை. விட்டேன்.

பன்னிரண்டு நாள் தேடினார்கள். உடல் கிடைக்கவில்லை. அவளுடைய மண்வெட்டியை அவள் துணியில் சுற்றிக் குழியில் வைத்தோம். குழி வெட்டியது நான்தான். சோலாவைப் பாயிலிருந்து தூக்கிவிட்டபோது, “பலே காளான்களா! பிணத்தைக் கூடக் காட்டாம எங்ககிட்ட ஓசியில குழி வெட்டிக்கிட்டீங்களே” என்றேன். சோலா அழுகையோடு சிரித்தாள். நல்ல கேலி என்று பின்னால் பலர் பாராட்டினார்கள். எனக்கு அன்று சோறு இறங்கவில்லை.

ஒரு வருஷம் கழித்துப் பெயர் கொடுக்கும் நாள் வந்தது. எங்கள் பக்கத்தில் ஆள் சாகலாம், ஆளின் இடம் காலியாக இருக்கக் கூடாது. கசுபாவின் அக்காள் மகள் லோம்பே, அப்போது நாலு வயசு. அவளைப் புதுப் பாயில் உட்கார வைத்து, கசுபா வீட்டில் விட்டுப் போயிருந்த இடுப்புப் பாசிமணியை மூன்று சுற்றுச் சுற்றிக் கட்டி, சுரைக்குடுக்கையிலிருந்து ஒரு மிடறு தண்ணீர் குடிக்க வைத்தார்கள். சோலாவின் அண்ணன் கவோமாதான் அந்த வம்சத்துக்குத் தலைவர். அவர் எழுந்து, “கசுபா செத்துட்டான்னு இனிமே யாரும் சொல்லக் கூடாது. இதோ இருக்கா” என்றார்.

இதை விளையாட்டு என்று நினைக்காதீர்கள். அந்த நிமிஷத்திலிருந்து சோலா தன் பேத்தியை மகள் என்றாள். பெற்றவள், தன் வயிற்றில் பிறந்ததைத் தங்கச்சி என்றாள். பெயர் வாங்கியவர் செத்தவரைப் பற்றிப் பேசும்போது ‘நான்’ என்றுதான் பேச வேண்டும். கவோமா என்ற பெயரை முதலில் வைத்திருந்தவர் ஏழு தலைமுறைக்கு முன்னால் மேற்கிலிருந்து ஆற்றைக் கடந்து வந்தார். எங்கள் கவோமா அதைச் சொல்லும்போது, “நான் ஆத்தைக் கடக்குறப்ப என் நாய் முதலை வாயில போச்சு” என்று கண் கலங்குவார். நாய்க்காக நிஜமாகவே வருத்தப்படுவார்.

ஏழு வயசு பூலேயைக் கொண்டுவந்து பாயின் முன்னால் நிறுத்தினார்கள். “உங்கம்மாடா, கூப்பிடு” என்றார்கள். அவன் நாலு வயசுப் பிள்ளையைப் பார்த்துக்கொண்டே நின்றான். அவள் கையிலிருந்த சர்க்கரைவள்ளிக் கிழங்கை இரண்டாகப் பிய்த்துப் பெரிய துண்டை அவனிடம் நீட்டினாள். “அம்மா” என்றான். கூட்டம் கைதட்டியது. நான் தட்டவில்லை. அந்தப் பிள்ளை கிழங்கைக் கொடுத்த கையால் தன் இடது மணிக்கட்டைப் பிடித்துத் தேய்த்துக்கொண்டிருந்தது. ஆற்றில் நான் எந்தக் கையைப் பிடித்தேன் என்று ஒருவரிடமும் சொன்னதில்லை.

அதற்குப் பிறகு அவளைப் பார்க்கும்போதெல்லாம் என் கண் அந்தக் கைக்குத்தான் போகும். களி தின்றுவிட்டுத் தேய்ப்பாள். தோணியைக் கண்டால் தேய்ப்பாள். “என்னடி கைல?” என்று ஒருநாள் கேட்டேன். “யாரோ புடிச்ச மாதிரி இருக்கு” என்றாள். கசுபாவைப் போலவே மீன் தலையை முதலில் எடுத்தாள். சீழ்க்கை மட்டும் அவளுக்கு வரவே இல்லை. உதட்டைக் குவித்து ஊதுவாள், வெறும் காற்றுத்தான் வரும். சோலாவுக்கு அதில் பரம திருப்தி.

இரண்டு வருஷம் போயிருக்கும். அக்கரை லாரிக்காரன் ஒருவன் படகில் வந்து இறங்கி, சோலா வீடு எது என்று விசாரித்தான். நான் அப்போது அவள் வாசலில் மரவள்ளிக் கீரை கிள்ளிக்கொண்டிருந்தேன்.

“கசுபா உயிரோட இருக்கான்னு சொல்லச் சொன்னாங்க” என்றான்.

“தெரியுமே. அதோ, உக்காந்து தின்னுக்கிட்டிருக்கா பாரு” என்றாள் சோலா.

அவன் பிள்ளையைப் பார்த்தான், சோலாவைப் பார்த்தான். வேற்று ஜாதிக்காரன், அவனுக்கு இதெல்லாம் தெரியாது. “சரி, அப்படின்னா சொல்லிடறேன்” என்று போய்விட்டான். இன்னொரு தடவை இன்னொருவன் வந்தான். அவனுக்கும் அதே பதில்தான். இரண்டு தடவையும் நான் அங்கே இருந்தேன். எழுந்து ஓடி, ‘ஏப்பா, சொன்னவ எப்படி இருந்தா, கையில தழும்பு இருந்துச்சா?’ என்று கேட்டிருக்கலாம். கீரையைக் கிள்ளிக்கொண்டே இருந்தேன். அவள் வந்தால் முதலில் என் பெயரைத்தானே சொல்வாள்.

கவிழ்ந்த நாளிலிருந்து ஒன்பதாவது வருஷம் அவள் வந்தாள். சொந்தக் கொடி ஏறிச் சில வருஷம் ஆகியிருந்தது. உச்சிவெயில். ஆற்றோரக் குட்டையில் ஊறப்போட்ட மரவள்ளிக் கிழங்கை நாங்கள் எல்லோரும் எடுத்துத் தோலுரித்துக்கொண்டிருந்தோம். பூலே கரையில் வலையைச் செப்பனிட்டுக்கொண்டிருந்தான். திடீரென்று தவளைச் சத்தம் நின்றது. பாதையில் யாரோ மூட்டையோடு நிற்பது தெரிந்தது. வெயில் கண்ணைக் கூசியதில் முகம் தெரியவில்லை.

இரண்டு சின்னச் சீழ்க்கை.

பூலே சட்டென்று எழுந்து நின்றான். பதினைந்து வயசுப் பையன், கால் இரண்டும் ஓடத் தயாராக இருந்தன. பிறகு தன் அம்மாவைத் திரும்பிப் பார்த்தான். பன்னிரண்டு வயசு அம்மா குட்டையில் முழங்கால் தண்ணீரில் நின்றிருந்தாள். அவன் மெதுவாக உட்கார்ந்துவிட்டான்.

வந்தவள் கிட்டே வந்தாள். மெலிந்திருந்தாள், ஆனால் அவளேதான். யாரும் கத்தவில்லை. யாரும் ஓடவில்லை. கிழங்கிலிருந்து தண்ணீர் சொட்டும் சத்தம் மட்டும் கேட்டது. விருந்தாளிக்குத் தண்ணீர் கொடுப்பது வீட்டின் இளைய பெண்ணின் வேலை. எங்கள் சிறிய கசுபா கரையேறி, மண்டியிட்டு, இரண்டு கையாலும் குவளையை நீட்டினாள். வந்தவள் குடித்து முடித்தாள்.

“நான் கசுபா” என்றாள்.

“கசுபா நான்தான்” என்றாள் பெண். வீடு மாறி வந்தவரிடம் சொல்வதுபோல மரியாதையாகச் சொன்னாள்.

சோலா என் பக்கம் திரும்பினாள். அவள் உதடு வெளுத்திருந்தது. “மழையே, வந்து தொட்டுப் பாரு” என்றாள். செத்த காளானைத் தொடுவது எங்கள் வேலை அல்லவா. போனேன். அவள் தானாகவே இடது கையை நீட்டினாள். மணிக்கட்டில் நாலு நகத் தழும்பு. பிறையாக, வரிசையாக. நான் அதன்மேல் கை வைத்தபோது என் விரல்கள் அந்தந்த இடத்தில் அப்படியே உட்கார்ந்தன.

“என்னடி மழையே, இன்னும் உசிரோடவா இருக்கே?” என்றாள் சன்னமாக.

“சூடா இருக்கா” என்று நான் கூட்டத்துக்குச் சொன்னேன்.

கவோமாவுக்கு ஆள் அனுப்பி அவரும் வந்திருந்தார். “சூடா இருந்தா சரி. ஆனா யாரு?” என்றார்.

அவள் சொன்னாள். தண்ணீர் அவளை வெகுதூரம் கீழே கொண்டுபோய் அக்கரையில் போட்டது. ஊர்ந்து போய் முதல் குடிசையின் முன்னால் விழுந்தாள். அங்கே யாரும் பெயர் கேட்கவில்லை. ‘எந்தக் குலம்?’ என்றார்கள். ‘காளான்’ என்றாள். ‘நாங்களும்தான், உள்ள வா’ என்று இரண்டு மாதம் காய்ச்சலோடு அவளைக் காப்பாற்றினார்கள். பிறகு ஒருவன் சுரங்க நகரத்துக்குப் பெண்டாட்டியாகக் கூட்டிப்போனான். அதன்பின் அங்கே சண்டை வந்து பாதையெல்லாம் அடைபட்டது. அவன் செத்ததும் நடக்க ஆரம்பித்தாள்.

“ரெண்டு தடவை சொல்லி அனுப்பினேனேம்மா. ஏன் யாரும் வரலே?” என்றாள் சோலாவிடம்.

“சொன்னாங்க. இங்கதான் இருக்கான்னு பதில் அனுப்பினோமே” என்றாள் சோலா. அவள் கண்ணீர் தாரை தாரையாக ஓடியது. ஆனால் வந்தவளின் பக்கத்தில் போகவில்லை. சிறிய கசுபாவைத் தன் முந்தானைக்குள் இழுத்துக்கொண்டாள்.

என்னைப் பற்றி அவள் ஒரு வார்த்தை சொல்லவில்லை. வழுக்கியதா, விட்டாளா என்று யாரும் கேட்கவும் இல்லை.

மூன்றாம் நாள் சிறிய கசுபாவுக்குக் காய்ச்சல் கண்டது. மருந்துக்கடைக்காரர் மலேரியா என்று மாத்திரை கொடுத்தார். மாத்திரை உள்ளே போனது, காய்ச்சல் வெளியே வரவில்லை. பிள்ளை இடது கையைத் தூக்கிப் பிடித்தபடியே கிடந்தாள். மடக்கி வைத்தால் மறுபடி தூக்கினாள். ஊர் முழுவதும் ஒரே பக்கம் பார்த்தது. பெரியவள் என் வீட்டில் தங்கியிருந்தாள். அவள் தாய் வீட்டில் பாய் விரிக்கவில்லை.

ஐந்தாம் நாள் காலையில் கவோமா வம்சத்தைக் கூட்டினார். நானும் போனேன், வரக் கூடாது என்று சொல்ல யாருக்கும் உரிமையில்லை.

“பேரைச் சட்டை மாதிரி கழட்டி மாட்ட முடியாதும்மா” என்றார் பெரியவளிடம். குரலில் கோபமில்லை. “ஒருத்தர் செத்தாத்தான் பேரு எழும்பும். நீ கேக்குற வரைக்கும் பேரு ரெண்டு பக்கமும் இழுபடும். இழுத்தா கிழியறது அந்தப் புள்ளைதான்.”

“நான் ஒண்ணும் கேக்கலையே மாமா.”

“வாயால கேக்கலே.”

அவள் தலையைக் குனிந்துகொண்டாள்.

“பூலே என்னை அம்மான்னு ஒரு தடவை கூப்பிடட்டும். நான் பேரைக் கேக்கலே” என்றாள்.

“அதுதான்மா பேரு” என்றார் கவோமா.

பூலே சுவரோரமாக நின்றிருந்தான். அவன் யாரையும் பார்க்கவில்லை. உள்ளேயிருந்து பிள்ளை முனகும் சத்தம் கேட்டது. கேலிதான் எனக்குத் தெரிந்த பேச்சு, அது அன்று உதவாது.

கசுபா எழுந்தாள். “அவளே வெச்சுக்கட்டும். நான் அங்கேயிருந்து வரவும் இல்லே, இங்க பிறக்கவும் இல்லே. போதுமா?” என்றாள்.

கவோமா பெருமூச்சு விட்டார். “உன் பெரியம்மா பேரு காலியா இருக்கு. அதை எடுத்துக்க. மரியாதையான பேரு. உனக்கும் ஒரு பாய் விரிப்போம்.”

“இன்னொருத்தியா இருக்க எனக்கு வராது மாமா. நான் கசுபாவா இருந்து பழகிட்டேன்.”

அன்று சாயங்காலம் பிள்ளைக்கு வியர்த்தது. கை தானாகக் கீழே இறங்கியது. களி கேட்டாள். மீன் தலையும் கேட்டாளாம். மருந்துக்கடைக்காரர் மாத்திரையால்தான் என்று இன்றுவரை சொல்கிறார். அவர் சொல்லட்டும்.

அப்புறம் முப்பது வருஷம் அவள் எங்களோடு இருந்தாள். ஊர் முடியும் இடத்தில், கிழங்குக் குட்டைக்கு மேலே, ஒரு சின்ன வீடு. பெயர் இல்லாதவளை என்னவென்று கூப்பிடுவது? ‘அந்த வீடு’ என்றார்கள். ‘அந்த வீட்டுக்கு உப்பு வேணுமாம்’ என்பார்கள். அடையாள அட்டை எழுத வந்த அதிகாரி பெயர் கேட்டபோது, “பேரு அந்தப் பொண்ணுகிட்ட இருக்கு” என்று கையைக் காட்டினாளாம். அவர் சிரித்துவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டார். அவளுக்கு அட்டை வரவில்லை. நான் மட்டும் ‘காளானே’ என்று கூப்பிடுவேன். பெயரை எடுத்துக்கொள்ளலாம், குலத்தை எவன் எடுப்பான்? அவள் என்னை ‘மழையே’ என்பாள். முப்பது வருஷத்தில் அவளை ஒருத்தர் கூப்பிட்டது அவ்வளவுதான்.

வருஷா வருஷம் முதல் மழை விழுகிற அன்று என் வாசலுக்கு வருவாள். நனைந்துகொண்டே நின்று கேட்பாள். “ஏய் மழை, அன்னைக்குக் கை வழுக்குச்சா, விட்டியா?”

முதல் வருஷம் நிமிர்ந்து பார்த்தேன். அவள் முகத்தில் சிரிப்பிருந்தது. கேலி என்றால் கேலியாகத்தான் பதில் சொல்ல வேண்டும். “வழவழன்னு இருக்கிற காளானை எவ பிடிப்பா?” என்றேன். வாயைத் திறந்து சிரித்துவிட்டுப் போய்விட்டாள். அடுத்த வருஷம், “நீர்யானை உன்னைப் பொண்ணு பாக்க வந்துச்சு, குறுக்க நிக்கக் கூடாதுன்னு விட்டேன்” என்றேன். அதற்கும் சிரித்தாள். வருஷத்துக்கு ஒன்றாக முப்பது பதில் சொன்னேன். ஒன்றிலும் உண்மை இல்லை. மேகம் கறுக்கும்போதே அடுத்த பதிலைத் தேட ஆரம்பிப்பேன்.

பூலே வளர்ந்து, மீன் வியாபாரம் பார்த்து, கல்யாணம் செய்துகொண்டான். நல்லவன்தான், சும்மா சொல்லக் கூடாது. வழியில் போகிற எந்தப் பெண்ணையும் அம்மா என்றுதான் கூப்பிடுவான், எங்கள் வழக்கமே அதுதானே. இவளை மட்டும் எதுவும் சொல்லிக் கூப்பிட மாட்டான். வாசலில் இவள் சுட்ட மீன் கொண்டுவந்து நின்றால், “யாரு? அங்க வெச்சுட்டுப் போங்க” என்பான். கதவு பாதி திறந்திருக்கும். இவள் வைத்துவிட்டு வருவாள். தினமும் பொழுது சாய்கிற நேரத்தில் அந்த வீட்டிலிருந்து இரண்டு சின்னச் சீழ்க்கை கேட்கும். ஊரே கேட்கும். யாரும் அதைப் பற்றிப் பேசியதில்லை.

சிறிய கசுபா மட்டும் பகலில் குட்டைக்கு வரும்போதெல்லாம் அங்கே போய் உட்காருவாள். நான் ஒருநாள் கிழங்குக் கூடையோடு பின்னால் நின்று கேட்டேன்.

“கரையில ஒதுங்கினேன், அப்புறம் நான் என்ன செஞ்சேன்?” என்று இளையவள் கேட்கிறாள்.

“ஊர்ந்தே. முழங்கால் ரெண்டும் கிழிஞ்சிருச்சு.”

“அங்க ஒரு வெள்ளாடு நின்னுச்சு” என்றாள் இளையவள்.

பெரியவள் திரும்பி அவளைப் பார்த்தாள். “ஆமா, நின்னுச்சு. நான் அதைச் சொல்லவே இல்லையேடி” என்றாள்.

கூடையைப் போட்டுவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டேன். கிழங்கை மறுநாள்தான் போய் எடுத்தேன்.

அவள் செத்தது அக்டோபரில், மழைக்கு முந்தின வறட்சியில். முந்தின சாயங்காலம் சீழ்க்கை கேட்கவில்லை. காலையில் நான் போய்ப் பார்த்தேன். பாயில் ஒருக்களித்துக் கிடந்தாள், இடது கை தலைக்குமேல் நீண்டிருந்தது. சோலா அதற்குள் போய்ச் சேர்ந்திருந்தாள். பழைய கவோமாவும் இல்லை. அந்தப் பெயரை இப்போது வைத்திருப்பவர் முப்பது வயசுப் பள்ளிக்கூட வாத்தியார். அவரிடம் போய்ச் சொன்னேன்.

“கசுபாவுக்குத் துக்கம் எப்பவோ முடிஞ்சிருச்சே. ரெண்டாம் தடவை அழுதா, இருக்கிறவளுக்குத்தான் ஆபத்து. அன்னைக்கே அவகிட்ட நான் சொன்னேன், பெரியம்மா பேரை எடுத்துக்கன்னு. கேட்டாளா?” என்றார். அன்றைக்கு அவர் பிறந்திருந்தாலே அதிகம்.

“உங்க துக்கத்தை நீங்களே மடிச்சு வெச்சுக்கங்க, தொப்பித் தலையா. எனக்கு என் வேலை இருக்கு” என்று சொல்லிவிட்டு வந்தேன். நானே குளிப்பாட்டினேன். என் மகன்கள் இருவரும் குழி வெட்டினார்கள். புது இடம் எதற்கு? அவளுக்குத்தான் குழி ஏற்கெனவே இருக்கிறதே. அதே இடத்தில் வெட்டச் சொன்னேன். மண் தூசியாகப் பறந்தது. இடுப்பளவு ஆழத்தில் பழைய மண்வெட்டி வந்தது. துணி மக்கிப் போயிருந்தது, இரும்பு துருப்பிடித்திருந்தது. ஆனால் அதிலிருந்து தண்ணீர் சொட்டியது. மூத்தவன் அதை என்னிடம் காட்டினான். நான் வாங்கி அவள் பக்கத்திலேயே வைத்து மூடச் சொன்னேன்.

காளான் குலத்துக்காரர்கள் தூரத்து மரத்தடியில் கூட்டமாக நின்றார்கள். வரவும் இல்லை, போகவும் இல்லை. பூலேயும் அங்கேதான். அப்போது கூட்டத்தைப் பிளந்துகொண்டு கசுபா வந்தாள். நாற்பது தாண்டிவிட்டவள், கனத்த உடம்பு. கக்கத்தில் பாய். புது மண்ணுக்குப் பக்கத்தில் விரித்து உட்கார்ந்தாள்.

“கசுபா, எந்திரி. உன் சாவுக்கு நீயே அழுவியா?” என்று மரத்தடியிலிருந்து கவோமா கத்தினார்.

அவள் பாயில் நிமிர்ந்து உட்கார்ந்தாள். உதட்டைக் குவித்தாள். பிறந்தது முதல் வெறும் காற்று மட்டுமே வந்த உதடு.

இரண்டு சின்னச் சீழ்க்கை.

மரத்தடியில் பூலே நடக்க ஆரம்பித்தான். கவோமா கையைப் பிடித்ததை உதறிவிட்டு வந்தான். பாயின் முன்னால் வந்து நின்றான், தலையெல்லாம் நரைத்த நாற்பத்தைந்து வயசு ஆள்.

“நான் உன்னைத் தேடி நடந்தே வந்தேன்டா. பதினாறு நாள் நடந்தேன். செருப்பு இல்லே. குட்டைக்கிட்ட நின்னு கூப்பிட்டேன். நீ எந்திரிச்சு நின்னே, நான் பாத்தேன். அப்புறம் உக்காந்துட்டே.”

அவன் வாய் அசைந்தது.

“அந்தப் புள்ளைக்குக் காய்ச்சல் வந்துச்சுன்னு நான் பேரைக் குடுத்தேன். கசப்பா இல்லே, பிடிச்சுத்தான் குடுத்தேன். ஆனா உன்னை நான் குடுக்கலையே. மீன் சுட்டுக்கிட்டு வந்தேன். யாருன்னு கேட்டே. முப்பது வருஷம் தினமும் கூப்பிட்டேன். ஏன்டா வரலே?”

பூலே மண்ணில் மண்டியிட்டான். “கேட்டுதும்மா. தினமும் கேட்டுது. ஏதோ பறவைன்னு எனக்கு நானே சொல்லிக்கிட்டேன்” என்றான். அதற்குமேல் அவனால் முடியவில்லை. அவன் அழுத அழுகை ஆறு வயசுப் பையனின் அழுகை. மரத்தடியில் ஒரு பெண் வாய்விட்டு அழ ஆரம்பித்தாள். பிறகு ஒவ்வொருவராக வந்து மண்ணைச் சுற்றி உட்கார்ந்தார்கள். கவோமா கடைசியாக வந்தார்.

வெயில் உச்சியிலிருந்து இறங்கும்வரை அழுதார்கள். அழுகை ஓய்ந்ததும் எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். தூக்கிவிட வேண்டியது நான். கேலி சொல்ல வேண்டியதும் நான். பாயருகே போனேன். கசுபா கையை நீட்டினாள். இடது கை.

“மழையே, அன்னைக்குக் கை வழுக்குச்சா, விட்டியா?” என்றாள்.

அதைப் பெரியவள் அவளிடம் சொல்லியிருக்கலாம். சொல்லாமலும் இருந்திருக்கலாம். முப்பத்தொன்றாவது பதில் ஒன்றைத் தேடினேன்.

“வழுக்கலே. விட்டேன். கோரை கழண்டுச்சு, பயந்துட்டேன். விட்டுட்டேன்டி கசுபா” என்றேன்.

அத்தனை பேரும் கேட்டார்கள். என் மகன்களும் கேட்டார்கள். அவள் என் முகத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு வாயைத் திறந்து, பழைய கசுபாவின் அதே சத்தத்தில், சிரித்தாள்.

“முப்பது வருஷமாக் கேக்குறேன். இப்பத்தான்டி உருப்படியா ஒரு பதில் சொன்னே” என்றாள்.

ஒருத்தர் சிரித்தால் போதும் என்பது விதி. துக்கம் முடிந்தது. நான் குனிந்து அந்த மணிக்கட்டைப் பிடித்தேன். அவள் என்னைவிடக் கனம், எனக்கோ முதுகு வளையாத வயசு.

“இந்தத் தடவை விட்டுடாதே” என்றாள்.

இரண்டு கையாலும் பிடித்து இழுத்தேன். எழுந்து நின்றாள்.